குருமனையில் பத்து நாள்

ஒரு பிப்ரவரி 22, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே நாங்கள் இருக்கும் லெனேசியாவிலிருந்து ஆயாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆயா மடியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் அவர் வீட்டுத் தோட்டத்துக் கேந்திப்பூ, தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. தில்லையாடி வள்ளியம்மை இறந்த நாள் அது. ஆயா வருஷம் தவறாமல் போகிறவர். அவர் மகன் டர்பனுக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ஓட்டுநர் வேலை எனக்கு.

ஆயா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்பார்கள். எங்கள் தெருவில் சின்னதும் பெரிசுமாக எல்லாருக்கும் அவர் ஆயாதான். வயது 79. அவருடைய தாத்தா கூடையில் காய்கறி வைத்து ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் வீடு வீடாக விற்றவர். ஆயாவின் தமிழ் அடுப்படியிலும் கோயிலிலும் கற்ற தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே ஆஃப்ரிகான்ஸ். நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவள். நான் வேகமாகப் பேசினால் "மெல்ல மேன், மெல்ல" என்பார்.

கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்குப் பூ. ஒன்று வள்ளியம்மைக்கு. 16 வயதில், சிறையிலிருந்து வந்த காய்ச்சலோடு, 1914-இல் போய்ச் சேர்ந்த பெண். இன்னொன்று நாகப்பனுக்கு. 1909-இல் கைதிகளை வைத்து ரோடு போடும் முகாமில் குளிரில் கிடந்து, வெளியே வந்ததும் நிமோனியாவில் இறந்த பையன். இரண்டு பேருக்கும் 1914 ஜூலை 15 அன்று காந்தி முன்னிலையில் நினைவுக்கல் திறந்தார்கள். மூன்றாம் நாள் அவர் கப்பலேறிவிட்டார். ஆயா கல்லைத் துணியால் துடைத்தார், பூ வைத்தார், ஏதோ முணுமுணுத்தார். அரை மணி நேரத்துக்குள் மேற்கே கருத்துக்கொண்டு வர, கிளம்பிவிட்டோம். பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் மழை சொல்லி வைத்தாற்போல மத்தியானம் வரும்.

திரும்பும்போது ஸ்மிட் தெருவில் ரோபோட்டில் நின்றோம். (சிக்னலுக்கு இந்த ஊரில் ரோபோட் என்று பேர். வந்த புதிதில் "அடுத்த ரோபோட்டில் இடதுபக்கம் திரும்பு" என்று ஒருவர் வழி சொல்ல, நான் நிஜமாகவே பொம்மை தேடினேன்.) சுற்றிலும் மினிபஸ் டாக்சிகள், ஒரே ஹாரன். நான் சும்மா இருக்காமல், "ஆயா, இந்தத் தெருவுலதான் டோக் ஐயர் வீடு இருந்தது" என்றேன்.

"ஐயரா? பிராமினா?"

தப்பு என்னுடையது. எங்கள் ஊர்ப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். அது பழகிப்போய் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரரையும் ஐயராக்கிவிட்டேன். "இல்ல ஆயா, பாதிரியார். பாப்டிஸ்ட் சபை. காந்தியை அடிச்சுப் போட்டப்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துக்கிட்டவர்."

ஆயாவுக்குக் காந்தி கதை எல்லாம் தெரியும். இவரைத் தெரியவில்லை. பரவாயில்லை, தமிழ்நாட்டில் சொன்னாலும் மதுரை லேடி டோக் கல்லூரியைத்தான் நினைப்பார்கள். அந்த டோக் வேறு, இந்த டோக் வேறு.

சரி, ரோபோட் விழுந்து, கார் நகர்ந்து, மழை பிடித்து, லெனேசியா வந்து சேரும்வரை ஆயாவுக்குச் சொன்ன கதைதான் இந்தப் பதிவு. ஆயா நடுவில் கேட்ட கேள்விகள் புத்தகங்களில் யாரும் கேட்காதவை என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜோசப் ஜான் டோக், 1861-இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் சட்லி என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் பாப்டிஸ்ட் போதகர். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லை. இருபது வயதுப் பக்கம் தென்னாப்பிரிக்கா வந்தார், கிராஃப் ரெய்னெட்டில் சபை தொடங்கினார், ஆக்னஸ் பிக்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்தார். பிறகு இங்கிலாந்து போய் பிரிஸ்டல், அங்கிருந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், 1903-இல் மறுபடி தென்னாப்பிரிக்கா, கிரஹாம்ஸ்டவுன். 1907 கடைசியில் ஜோகன்னஸ்பர்க். போதகர் வாழ்க்கையே மூட்டை கட்டுகிற வாழ்க்கைதான். எங்கள் அப்பாவும் போதகர்தான், தாமிரபரணிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக மாறினார், இவர் கடல் கடந்து மாறினார்.

அவர் ஜோகன்னஸ்பர்க் வந்த நேரம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் மாகாணத்தில் இருக்கும் ஆசியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், சீட்டை எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும் என்று சட்டம். கறுப்புச் சட்டம் என்று நம் ஆட்கள் பேர் வைத்தார்கள். 1906 செப்டம்பர் 11 அன்று எம்பயர் நாடகக் கொட்டகையில் கூடி, இதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்திருந்தார்கள். பதிவு அலுவலக வாசலில் மறியல் நடந்தது. இதைப் பற்றிப் பேப்பரில் படித்த புதுப் போதகர், விஷயம் என்ன என்று நேரில் தெரிந்துகொள்ள 1907 டிசம்பரில் காந்தியின் அலுவலகத்துக்கே போனார். நெடுநெடுவென்று, கம்பீரமாக ஒருத்தர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு படியேறினாராம். உள்ளே இருந்தது ஒல்லியாக, சின்ன உருவமாக ஒருத்தர். ஆனால் சிரித்தால் முகமெல்லாம் ஒளி. இதை டோக்கே எழுதியிருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த படங்களில் ஏசுநாதர் படமும் இருந்தது அவர் கண்ணில் பட்டது. ஐயர் கண்ணில் அது படாமல் இருக்குமா!

ஜனவரியில் காந்தியைச் சிறையில் போட்டார்கள். மாதக் கடைசியில் டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுடன் ஒரு சமாதானம்: இந்தியர்கள் தாங்களாகவே பதிவு செய்துகொள்வது, அரசு சட்டத்தை ரத்து செய்வது. காந்தி வெளியே வந்தார். நம் ஆட்களிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை, காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பேச்சு. 1908 பிப்ரவரி 10 காலையில், முதல் ஆளாகப் பதிவு செய்யக் காந்தி நடந்து போகும்போது மீர் ஆலம் என்கிற பட்டாணியரும் கூட்டாளிகளும் தடியால் அடித்தார்கள். மீர் ஆலம் காந்திக்கு வேற்று ஆள் இல்லை, வக்கீல் காந்தியிடம் வழக்கோடு வந்த பழைய கட்சிக்காரர். கூடப் போன தம்பி நாயுடுவும் யூசுப் மியானும் தடுக்கப்போய் அவர்களுக்கும் அடி. தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்து இங்கே வந்த நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்தான், அவருக்கே தனிப் பதிவு எழுதவேண்டும்.

காந்தியைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். கண் விழித்தபோது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் டோக். காந்தி கேட்ட முதல் கேள்வி, மீர் ஆலம் எங்கே. பிடித்துவிட்டார்கள் என்றார் டோக். அவர்களை விடச் சொல்லுங்கள் என்றார் காந்தி. அதெல்லாம் இருக்கட்டும், உதடும் கன்னமும் கிழிந்து யாரோ ஒருத்தர் அலுவலகத்தில் கிடக்கிறீர்கள், போலீஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயாராக நிற்கிறது, ஆனால் என் வீட்டுக்கு வந்தால் நானும் என் மனைவியும் முடிந்தவரை பார்த்துக்கொள்வோம் என்றார் டோக். இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டு இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

ஆயா இந்த இடத்தில் நிறுத்தினார். "வீட்டம்மாட்ட கேட்டுட்டா சொன்னாரு?"

கேட்டிருக்க நேரமில்லை. ஃபோன் போட்டுக் கேட்கிற காலமா அது. நேராக ஸ்மிட் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"பேரு என்ன அந்த அம்மாக்கு?"

"ஆக்னஸ்."

"யோ, ஆக்னஸ்," என்றார் ஆயா, ரொம்ப நாள் பழகிய பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல.

வீட்டில் 14 வயது மகன் கிளெமென்ட்டின் அறையைக் காந்திக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். டாக்டர் வந்து கன்னத்திலும் மேலுதட்டிலும் தையல் போட்டார், தையல் பிரிக்கும்வரை பேசக்கூடாது, திரவ ஆகாரம்தான் என்றார். காந்தியோ அதற்கு முன்பே பதிவு அதிகாரி சாம்னியை வரச்சொல்லி, படுக்கையில் இருந்தபடியே பத்து விரலையும் மையில் வைத்துக் கொடுத்துவிட்டார். எதிர்த்துப் போராடிய அதே ரேகை. சாம்னி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று காந்தி எழுதுகிறார். அட்டர்னி ஜெனரலுக்கும் தந்தி: அடித்தவர்கள் மேல் வழக்கு வேண்டாம். ஆனால் நடுத்தெருவில் நடந்த அடிதடியைச் சும்மா விடுவதா என்று வெள்ளைக்காரர்கள் கிளம்பி, கடைசியில் மூன்று மாதம் தண்டனை கிடைத்தது.

அப்புறம் அந்தப் பாட்டு. பேசமுடியாத காந்தி, டோக்கின் மகள் ஆலிவைச் சைகையால் கூப்பிட்டு, தனக்குப் பிடித்த 'லீட், கைண்ட்லி லைட்' பாட்டைப் பாடச் சொல்ல, அவள் கதவருகே நின்று மெல்லிய குரலில் பாடினாள். பதினைந்து வருஷம் கழித்து எரவாடா சிறையில் இதைச் சொல்லி எழுதவைக்கும்போதும் அந்தக் காட்சி கண்முன் நிற்கிறது என்கிறார். அவர் நினைவில் ஆலிவ் சின்னஞ்சிறு பெண். கணக்குப் பார்த்தால் அப்போது பதினாறு பதினேழு வயது. பரவாயில்லை, வலியில் கிடக்கிறவருக்குப் பாடுகிறவர்கள் எல்லாம் குழந்தைகள்தான்.

பாட்டுக் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிது வீட்டு முன்னறை. காந்தி இருந்த பத்து நாளும் அவரைப் பார்க்க ஆள் வந்தபடி இருந்தது. கையில் கூடை, அழுக்கு உடுப்பு, பூட்ஸில் புழுதியோடு தெரு வியாபாரி முதல், இந்தியர் சங்கத் தலைவர்வரை. டோக் எல்லாரையும் ஒரே முன்னறையில், ஒரே நாற்காலிகளில் உட்காரவைத்தார், எல்லாருக்கும் ஒரே மரியாதை. வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காந்தியைக் கவனித்தார்கள். ராத்திரியில் டோக் சத்தமில்லாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இதையெல்லாம் காந்தி தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

1908 ஜோகன்னஸ்பர்க்கில் இது என்ன காரியம் என்று ஆயாவுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நடைபாதையில் நடக்கவே தடை இருந்த ஊர். ஆயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க தாத்தாவும் போயிருப்பாரு" என்றார். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி: "கூடைய எங்க வெச்சிருப்பாங்க? உள்ளயா, வாசல்லயா?"

இந்தக் கேள்வி ஏன் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல, எங்கள் வீட்டுக் கதைக்கு வரவேண்டும்.

நான் குருமனையில் வளர்ந்தவள். தெரியாதவர்களுக்கு: குருமனை என்றால் சபை போதகருக்குக் கொடுக்கிற வீடு. வீடு நமது இல்லை, சாமானும் நமது இல்லை. ஜன்னல் திரை பெண்கள் ஐக்கிய சங்கம் வாங்கியது. ஃபேன் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அவருடைய அம்மா ஞாபகமாகக் கொடுத்தது, மூன்று றெக்கையிலும் அம்மா பெயர் எழுதியிருக்கும், கரண்ட் போனால்தான் படிக்கமுடியும். சேகரக் கமிட்டிக்காரர் யாராவது எந்நேரமும் வருவார் (சேகரம் என்றால் ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம்). உட்காருவார். சுண்ணாம்பு எப்போது அடித்தது என்று சுவரைப் பார்ப்பார். அம்மா காபி போடுவாள். காபித்தூள் மட்டும் எங்களுடையது.

1997-இல் தெற்கு மாவட்டங்களில் சாதிக் கலவரம் நடந்தபோது எனக்கு 12 வயது. எங்கள் சேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பைக் கொளுத்திவிட்டார்கள். ஊர்ப் பேரும் வேண்டாம், எந்தச் சாதி என்றும் வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆறு குடும்பம் கோயில் வாசலில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்போம்) வந்து நின்றது. அப்பா குருமனைக் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவிடம் கேட்டுவிட்டா திறந்தார்? கேட்கவில்லை. பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள், பிள்ளை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அண்ணன் பதினோராம் வகுப்பு, அவன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் போய்ப் படுத்தான். எங்கள் சபையாரில் பாதிக்குமேல் கொளுத்தியவர்களுக்குச் சொந்தக்காரர்கள்.

வந்தவர்கள் செருப்பை எங்கே விட்டார்கள் தெரியுமா? கேட்டுக்கு வெளியே. குருமனைக்குள் யாரும் செருப்பு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. அவர்களாகவே, பழக்கத்தில், கேட்டுக்கு வெளியே வரிசையாக விட்டார்கள். அப்பா குனிந்து இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து வராந்தாவில் போட்டார். ஆறு நடை நடந்தார். ஆயா கூடையைப் பற்றிக் கேட்டதும் எனக்கு அந்தச் செருப்புகள்தான் வந்து நின்றன. ஸ்மிட் தெரு வீட்டிலும் ஏதோ ஒரு நாளில் ஒரு கூடைக்காரர் கூடையை வெளியே வைத்துவிட்டுத் தயங்கியிருப்பார், டோக் அதைத் தூக்கி உள்ளே கொண்டுவந்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். கற்பனைதான், எங்கும் எழுதியில்லை.

காந்திக்கே இந்தப் பயம் இருந்திருக்கிறது. டோக் இந்தியர்களுக்காக இவ்வளவு இறங்குவதைப் பார்த்து, உங்கள் சபையார் மனம் நோகாதா, உங்களுக்குத் தொந்தரவு வராதா என்று பதமாகக் கேட்டார். டோக் சொன்ன பதிலை நான் இங்கே என் வார்த்தையில் சொல்கிறேன்: நான் ஏசுவின் மதத்தைப் பிரசங்கிக்கிறவன், அவரோ தன் விசுவாசத்துக்காகச் சிலுவை ஏறியவர், அதனால் இதில் இறங்காமல் எப்படி? அவர்கள் என்னை விலக்கினால் நான் குறைப்பட மாட்டேன். என் பிழைப்பு அவர்களிடமிருந்து வருகிறது, உண்மை. ஆனால் பிழைப்புக்காக நான் அவர்களோடு இல்லை. போஷிக்கிறவர் கடவுள், அவர்கள் அவருடைய கருவிகள். என் மத சுதந்திரத்தில் அவர்கள் தலையிடக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

இதைப் படிக்கும்போது மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். குருமனையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இது சம்பளப் பேச்சு. கூரை, பள்ளிக்கூட ஃபீஸ், அடுத்த மாற்றல் எந்தப் பட்டிக்காடு, எல்லாம் இதற்குள் இருக்கிறது. நாற்பத்தாறு வயது, உடம்பு சுகமில்லை, பிள்ளைகள் நிறைய, இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம். சபையில் ஒவ்வொருத்தரையும் இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடப் பழகியிருக்க மாட்டார். பத்து வருஷம் ஊழியம் செய்து, நாலு வீட்டு மரணத்துக்கும் எட்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் நின்று, செல்வாக்கு சேர்த்துக்கொண்ட பிறகு துணிவது வேறு. வந்த சூட்டில் துணிவது வேறு. என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இந்த அவசரம்தான்.

அதற்குப் பிறகும் அவர் ஒதுங்கவில்லை. ஸ்மட்ஸ் சட்டத்தை ரத்து செய்யாமல் விட, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் பெரிய இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைப் போட்டு எரித்தார்கள். அன்று மீர் ஆலம் எழுந்து வந்து, அடித்தது என் தப்பு என்று சொல்லித் தன் சீட்டையும் எரிக்கக் கொடுத்தார். காந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடிக்கு அடி வேண்டாம் என்று பிப்ரவரியில் படுக்கையில் கிடந்து சொன்னது ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. போராட்டம் மறுபடி சூடானதும், வில்லியம் ஹாஸ்கன் தலைமையில் இந்தியர்களுக்கு ஆதரவாக வெள்ளைக்காரர்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். டோக் அதில் இருந்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார். காந்தியும் அவருடைய சகா போலக்கும் ஊரில் இல்லாதபோது, காந்தி நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழுக்கும் தோள் கொடுத்தார்.

இன்னொரு காரியம், காந்தி வாழ்க்கையை முதன்முதலாகப் புத்தகமாக எழுதியது. 1909-இல் லண்டனில் அச்சானது. டோக் அதை எழுதும்போது காந்திக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை, இந்தியாவில் பெரும்பாலோருக்கு அவர் யார் என்றே தெரியாது. முன்னுரை எழுதியவர் ஆம்ப்டில் பிரபு, அதற்குச் சில வருஷம் முன்புவரை நம் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக இருந்தவர். அந்த நவம்பரில் காந்தி டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுதியபோது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள இந்தப் புத்தகத்தைத்தான் கூட அனுப்பினார். டோக் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது. புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், சாட்சி சொல்லும் கூட்டத்தில் பேசுவதுபோல. ஆனால் ராஜ்கோட் வீடும் அம்மாவின் விரதமும் இவ்வளவு நேர்த்தியாக ஒரு டெவன்காரர் கையில் வந்திருப்பது ஆச்சரியம். சண்டை போடாமல் எதிர்ப்பது கோழைத்தனம் இல்லை என்று இங்கிலாந்து வாசகர்களுக்குப் புரியவைக்கத்தான் அவர் அதை எழுதினார்.

அவரை நான் புனிதராக்கப் போவதில்லை. அந்தப் போராட்டத்தில் இந்த மண்ணின் கறுப்பு மக்களுக்கு இடமில்லை. காந்தி அப்போது அவர்களைப் பற்றி எழுதியதில் சில வரிகளை இன்று படித்தால் கூசும். டோக்கின் பார்வையும் ஒரு மிஷனரியின் பார்வைதான். ஆப்பிரிக்காவில் மறைந்துகிடக்கும் ஒரு நகரத்தைப் பற்றி அவர் சாகச நாவல்கூட எழுதினார். இந்த விஷயத்தில் பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போனார்கள் என்று நினைக்கிறேன். அறையை விட்டுக்கொடுத்த அந்தக் கிளெமென்ட், பின்னால் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஜூலு இலக்கண நூல் எழுதினார். ஜூலுக் கவிஞர் விலாகாசியோடு சேர்ந்து 1948-இல் பெரிய ஜூலு அகராதி கொண்டுவந்தார். பாட்டுப் பாடிய ஆலிவ், இன்றைய ஜாம்பியாவில் லாம்பா மக்களிடையே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்து அங்கேயே முடிந்தார்.

அந்த லாம்பா நாட்டுக்கு 1913 ஜூலையில் டோக்கும் கிளெமென்ட்டும் ஒரு பயணம் போனார்கள். மகன் முன்னால் திரும்பிவிட்டான். அப்பா வழியில், இன்றைய ஜிம்பாப்வேயில் இருக்கும் உம்தலியில் டைஃபாய்டு வந்து ஆகஸ்ட் 15 அன்று இறந்துபோனார். 51 வயது. அந்தத் தேதி இந்தியாவில் வேறு காரணத்துக்காகக் கொடியேற்றும் நாள் ஆக இன்னும் 34 வருஷம் இருந்தது. ஜோகன்னஸ்பர்க் பாப்டிஸ்ட் கோயிலில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் காந்தி பேசினார்.

சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் கடைசிக் கட்டப் போராட்டம் தொடங்கியது. ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிராக, இந்து முறையிலும் முஸ்லிம் முறையிலும் நடந்த கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்புக்கு எதிராக. தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு எல்லை தாண்டினார்கள், நியூகாசில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம், வள்ளியம்மை சிறை. டோக் இதில் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வள்ளியம்மைக்கு யார் அறையை ஒழித்துக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். நான் இப்படி யோசிப்பதற்கு ஆயாதான் காரணம். "ஆம்பளைக்குக் குடுத்தாங்க. பொண்ணுக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த நாலு பூவை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாளையங்கோட்டைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அப்பா தூங்கிவிட்டார். அம்மாவிடம் டோக் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"எத்தன நாளு?"

"பத்து நாள்."

"ஒத்த ஆளுக்கா? நம்ம வீட்டுல பதினெட்டு நாளுல்லா, முப்பத்தோரு பேரு." அம்மாவுக்கு எண்ணிக்கை எல்லாம் சுத்தம். "அந்த ஐயரம்மாக்கு ஒத்தாசைக்கு யாரும் உண்டுமா?"

எங்கள் வீட்டுக்கு உண்டு. கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்க்கிறவர்) மனைவியும் இன்னும் இரண்டு பேரும் பின்வாசல் வழியாக வந்து அரிசி களைந்து கொடுத்துவிட்டு, இருட்டுமுன் போய்விடுவார்கள். அவ்வளவு பேருக்குச் சமைக்க எங்களிடம் பாத்திரம் ஏது? அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, வைத்திருந்த சபையின் பெரிய அண்டாவைத்தான் அம்மா எடுத்தாள். பதினெட்டு நாள் முடிந்து, அவர்கள் போனபிறகு, கமிட்டி கூடியது. சாதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரை வீட்டில் வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. மினிட்டுப் புத்தகத்தில் எழுதியது இது: சேகரத்துக்குச் சொந்தமான பாத்திரங்களை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தியது குறித்து வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. மே மாதம் மாற்றல் வந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் புத்தகங்களைக் கட்டினார்.

"அண்டாவ புளி போட்டு, சாம்பல் போட்டு, ரெண்டு நாளு தேய்ச்சேன்," என்றாள் அம்மா. "கண்ணாடி கணக்கா ஆக்கிக் குடுத்தேன். வாங்குனவரு உள்ள எல்லாம் கையவிட்டுத் தடவிப் பாத்தாரு. ஒரு காது ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு, அத மட்டும் அவரு பாக்கல."